ரயிலுக்கு ஏன் மேடு பிடிக்காது?

குழந்தைகளே! ராமேஸ்வரம் போயிருக்கிறீர்களா? மண்டபத்தைத் தாண்டி பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியதும், தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கூட எழுந்து ஜன்னல் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் கடல்! அந்தச் சந்தோஷத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க மறந்துவிடுவோம்.

பஸ் போகிற பாலம் ஒட்டகத்தின் முதுகு போல நடுவில் உயர்ந்து, மறுபடி இறங்கும். பக்கத்தில் இருக்கும் ரயில் பாலமோ தண்ணீரை ஒட்டி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராகப் போகும். கப்பல் வந்தால் பஸ் பாலத்துக்குக் கவலையே இல்லை. அது பாட்டுக்கு அடியில் நுழைந்து போய்விடும். ரயில் பாலம் மட்டும் தன் நடுப்பகுதியைத் தூக்கி வழிவிட வேண்டியிருக்கிறது.

ஒரே கடல், ஒரே கப்பல். ரயில் பாலத்தையும் உயர்த்திக் கட்டியிருந்தால் தூக்குகிற வேலையே இல்லையே? நம்மை விடக் கெட்டிக்காரர்களான இன்ஜினியர்களுக்கு இது தோன்றாமலா இருந்திருக்கும்?

தோன்றியிருக்கும். ஆனால், முடியாது. ஏன் முடியாது என்று தேடிப் போனால் சாலை, ரயில் பாதை, இரும்புப் பாலம் ஆகிய மூன்றையும் பற்றி இன்ஜினியர்கள் பேசிக்கொள்ளும் சொற்களில் பாதி நமக்குப் புரிந்துவிடும். வாருங்கள், தேடுவோம்.

முதல் சொல், சரிவு. 'கிரேடியன்ட்' என்பார்கள். ஒரு பாதை எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு உயரம் ஏறுகிறது என்ற கணக்கு அது. 30 மீட்டர் தூரம் போனால் 1 மீட்டர் உயரம் ஏறும் பாதையை '30-க்கு 1' என்று சொல்வார்கள். நெடுஞ்சாலைகளில் இது சாதாரணம். மலைச்சாலைகளில் 20-க்கு 1 என்றுகூட வைப்பார்கள். பஸ் கொஞ்சம் முனகும், அவ்வளவுதான்.

ரயிலுக்கு இது ஆகவே ஆகாது. சமவெளியில் 100-க்கு 1 என்ற சரிவு வந்தாலே ரயில்வேக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். 200-க்கு 1 என்றால்தான் அவர்களுக்கு நிம்மதி.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். கப்பல் போவதற்காகப் பாலத்தை 20 மீட்டர் உயர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சாலை என்றால் 30-க்கு 1 சரிவில் 600 மீட்டர் தூரத்தில் ஏறிவிடலாம். இறங்க இன்னொரு 600 மீட்டர். மொத்தம் 1,200 மீட்டர். பாம்பன் சாலைப் பாலத்தின் நீளம் 2.3 கிலோ மீட்டருக்கும் மேல். தாராளமாக இடம் இருக்கிறது. ரயில் என்றால் 100-க்கு 1 சரிவில் ஏற 2 கிலோ மீட்டர், இறங்க 2 கிலோ மீட்டர். மொத்தம் 4 கிலோ மீட்டர்! ரயில் பாலத்தின் நீளமே 2 கிலோ மீட்டரை ஒட்டித்தான். கடலுக்கு முன்னால் தரையிலேயே ஏற ஆரம்பித்து, அக்கரையில் ஊருக்குள் போய்த்தான் இறங்க வேண்டும். அதற்குப் பதிலாக, பாலத்தை நேராகப் போட்டு நடுவில் ஒரு கதவு வைத்துவிடுவது எளிது என்று முடிவு செய்தார்கள்.

சரி, ரயிலுக்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்?

ரயிலின் சக்கரம் இரும்பு. அது ஓடும் தண்டவாளமும் இரும்பு. சக்கரம் தண்டவாளத்தைத் தொடுகிற இடம் எவ்வளவு பெரிது தெரியுமா? ஏறக்குறைய உங்கள் கட்டைவிரல் நகத்தின் அளவுதான். வழவழப்பான இரண்டு இரும்புகள் நக அளவு இடத்தில் தொட்டுக்கொண்டால் பிடிமானம் எப்படி இருக்கும்? சறுக்கும். பஸ்ஸின் ரப்பர் டயரோ நசுங்கி, அகலமாக உட்கார்ந்து, சொரசொரப்பான சாலையைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது.

அப்படியென்றால் ரயிலுக்கும் ரப்பர் சக்கரம் மாட்டிவிடலாமே என்று கேட்கிற மாணவன் எல்லா வகுப்பிலும் ஒருவன் இருப்பான். நல்ல கேள்விதான். அந்தச் சறுக்கும் குணம்தான் ரயிலின் பலமும். ரப்பர் டயர் நசுங்கி நசுங்கி உருளுவதால் நிறைய சக்தி வீணாகிறது. இரும்பு நசுங்காது. அதனால், சமதளத்தில் நிற்கும் ஒரு காலி ரயில் பெட்டியை நாலைந்து பேர் சேர்ந்து தள்ளியே நகர்த்திவிடலாம். ஒற்றை இன்ஜின் ஆயிரக்கணக்கான டன் நிலக்கரியை இழுத்துக்கொண்டு போவதும் இதனால்தான்.

ஆனால் மேடு வந்தால் கதை மாறிவிடும். 1,000 டன் எடையுள்ள ரயில் 100-க்கு 1 சரிவில் ஏறும்போது, அதன் எடையில் நூறில் ஒரு பங்கு, அதாவது 10 டன் விசை பின்னால் பிடித்து இழுக்கும். சமதளத்தில் மெதுவாக ஓட்டுவதற்குத் தேவையான விசையைப் போல இது நாலைந்து மடங்கு!

'ஊட்டி ரயில் மட்டும் மலை ஏறுகிறதே?' என்று கேட்பீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரும் வழியில் சில இடங்களில் சுமார் 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். அங்கே இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வைத்த இன்னொரு இரும்புப் பட்டை இருக்கும். இன்ஜினின் அடியில் உள்ள பல்சக்கரம் அந்தப் பற்களைக் கடித்துக் கடித்து ஏறும். ஏணியில் ஏறுகிற மாதிரி. 1899-ம் ஆண்டு குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் போடப்பட்ட பாதை அது.

சாலைக்கும் முதுகு உண்டு

மேடு பள்ளம் பற்றிப் பேசும்போதே சாலையையும் பார்த்துவிடுவோம். உங்கள் ஊர் தார் சாலையைத் தரையோடு தரையாகக் குனிந்து பாருங்கள். (வண்டி வராத சமயத்தில், ஓரத்தில் நின்றுகொண்டு!) நடுவில் லேசாக உயர்ந்து, இரண்டு ஓரமும் தாழ்ந்திருக்கும். அந்த முதுகுக்கு 'கேம்பர்' என்று பெயர். நடுவிலிருந்து ஓரத்துக்கு வர ஒவ்வொரு மீட்டருக்கும் இரண்டு அல்லது இரண்டரை சென்டி மீட்டர் இறக்கம் வைப்பார்கள். மழைத்தண்ணீர் நிற்காமல் ஓரத்துக்கு ஓடிவிட வேண்டும் என்பதற்காக.

சாலைக்கு லாரியை விடப் பெரிய எதிரி தண்ணீர்தான். சிறிய விரிசல் வழியாக உள்ளே இறங்கி, அடியில் இருக்கும் மண்ணைச் சேறாக்கிவிடும். அடியில் பிடிமானம் போன பிறகு, மேலே ஒரு சக்கரம் ஏறினால் போதும், பள்ளம் விழுந்துவிடும். அதனால்தான் நல்ல சாலைக்கு அடியில் நாம் பார்க்காத பல அடுக்குகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் கீழே ரோலர் விட்டு இறுக்கிய மண். அதன்மேல் கிராவல். அதற்கும் மேல் ஜல்லி. கடைசியில்தான் தார் கலந்த சின்ன ஜல்லி. மேலே சக்கரம் அழுத்தும் எடை, ஒவ்வொரு அடுக்காக இறங்கும்போது பரவிப் பரவி, மண்ணுக்கு வரும்போது மண் தாங்கும் அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

உடைத்த சிறு கற்களைப் பரப்பி, ஒன்றோடொன்று கவ்வ வைத்து சாலை போடும் முறையைப் பரப்பியவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் மெக்கடம். 1756-ல் பிறந்தவர். அவர் பெயராலேயே 'மெக்கடம் சாலை' என்ற சொல் வந்தது. உருண்டையான கூழாங்கல் இதற்கு ஆகாது, உருண்டு ஓடிவிடும். மூலை மூலையாக உடைத்த கல்தான் வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ரயில் பாதையிலும் வரும்.

இன்னொன்று. நாம் 'தார்' என்று சொல்வது உண்மையில் தார் இல்லை! தார் என்பது நிலக்கரியிலிருந்து எடுப்பது. சாலையில் ஊற்றுவது பெட்ரோலியத்தைச் சுத்திகரிக்கும்போது கடைசியில் மிஞ்சும் பிட்டுமின். மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், குப்பையில் போகும் பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் உருக்கிப் பூசி, அதன்பிறகு பிட்டுமின் கலந்தால் சாலை இன்னும் உறுதியாகிறது என்று செய்து காட்டினார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இரண்டு யானையும் ஒரு நகமும்

இப்போது ரயில் பாதைக்கு வருவோம். சரக்கு ரயிலின் ஒரு சக்கரம் 10 டன்னுக்கும் மேல் எடையைத் தாங்கும். அதாவது, இரண்டு யானைகளின் எடை! அந்த எடை முழுவதும் நக அளவு இடத்தில் இறங்குகிறது. அதை நேராக மண்ணில் இறக்கினால் என்ன ஆகும்? ஊசி போலக் குத்திக்கொண்டு உள்ளே போய்விடும்.

சேற்றில் நடக்க வேண்டியிருந்தால் பலகையைப் போட்டு அதன்மேல் நடப்போம் அல்லவா? ரயில் பாதை முழுவதும் அந்தத் தந்திரம்தான். சக்கரத்தின் எடையை முதலில் தண்டவாளம் வாங்கிக்கொள்கிறது. அதிலிருந்து அடியில் குறுக்காகப் படுத்திருக்கும் ஸ்லீப்பர் கட்டைகள் வாங்கிக்கொள்கின்றன. முன்பெல்லாம் மரக்கட்டை, இப்போது பெரும்பாலும் கான்கிரீட். அவற்றிடமிருந்து ஜல்லி. ஜல்லியிடமிருந்து மண்மேடு. கை மாறி கை மாறிப் போகப் போக, எடை பரந்துகொண்டே போகிறது.

அந்த ஜல்லியைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். மழைத்தண்ணீரைத் தேங்க விடாமல் வடித்துவிடுவது அதுதான். ஸ்லீப்பரை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகரவிடாமல் கவ்விப் பிடிப்பதும் அதுதான். அதனால்தான் ஸ்லீப்பருக்கு நடுவில் மட்டும் இல்லாமல், அதன் இரண்டு முனைகளுக்கு வெளியிலும் ஜல்லி குவித்திருப்பார்கள். விளையாட்டுக்காக அங்கிருந்து கல் எடுக்கிற பையன்களைப் பற்றிக் கேள்விப்படும்போது எனக்குக் கோபம் வரும். ஏன் என்று இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே புரியும்.

இரண்டு தண்டவாளங்களின் உட்பக்க விளிம்புகளுக்கு இடையே உள்ள இடைவெளிக்கு 'கேஜ்' என்று பெயர். நம் நாட்டு அகலப் பாதையில், அதாவது பிராட் கேஜில், இது 1,676 மில்லி மீட்டர். மீட்டர் கேஜில் பெயரிலேயே இருக்கிறது, சரியாக 1 மீட்டர். ஊட்டி ரயில் இன்றும் மீட்டர் கேஜ்தான். பாம்பன் பாதையும் நீண்ட காலம் மீட்டர் கேஜாகவே இருந்து, 2007-ல் அகலப் பாதையானது. வளைவு வரும் இடத்தில் வெளிப்பக்கத் தண்டவாளத்தைச் சற்று உயர்த்தி வைப்பார்கள். சைக்கிளில் வேகமாகத் திரும்பும்போது நீங்கள் உள்பக்கம் சாய்வீர்கள் இல்லையா, ரயிலையும் அப்படிச் சாய வைக்கிறார்கள்.

பழைய ரயில்களில் போனவர்களைக் கேளுங்கள். 'தடக் தடக், தடக் தடக்' என்று ஒரு தாளம் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பார்கள். அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? தண்டவாளத்தைத் துண்டு துண்டாகத்தான் செய்வார்கள். இரண்டு துண்டுகளின் முனைகளை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்புப் பட்டைகள் வைத்து போல்ட் போட்டு இணைப்பார்கள். அந்தப் பட்டைக்கு 'பிஷ் பிளேட்' என்று பெயர். (பெயரில்தான் மீன், குழம்பு வைக்க முடியாது!) இணைக்கும்போது நடுவில் ஒரு சின்ன இடைவெளி விடுவார்கள். சக்கரம் அந்த இடைவெளியைத் தாண்டும் சத்தம்தான் 'தடக் தடக்'.

இடைவெளி எதற்கு? இரும்பு சூட்டில் நீளும். 13 மீட்டர் நீளமுள்ள தண்டவாளம், விடியற்காலைக் குளிரைவிட மதியம் 30 டிகிரி அதிகமாகச் சூடாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் நாலரை மில்லி மீட்டர் நீண்டுவிடும். இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். ஒரு கிலோ மீட்டருக்குக் கணக்குப் பார்த்தால் சுமார் 34 சென்டி மீட்டர். உங்கள் ஸ்கேலைவிட அதிகம்! நீளுவதற்கு இடம் இல்லையென்றால் தண்டவாளம் பாம்பு போல நெளிந்துவிடும்.

அப்படியானால், இப்போது ஏன் பல பாதைகளில் 'தடக் தடக்' கேட்பதில்லை? தண்டவாளங்களை வெல்டிங் செய்து, கிலோ மீட்டர் கணக்கில் ஒரே துண்டாக்கிவிட்டார்கள். அலுமினியத் தூளையும் இரும்பு ஆக்சைடையும் சேர்த்துப் பற்ற வைத்தால் 2,000 டிகிரிக்கும் மேல் சூடாகி, உருகிய இரும்பு கிடைக்கும். அதை இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஊற்றுவார்கள். தெர்மிட் வெல்டிங் என்பது இதுதான். அப்படி ஒன்றாக்கிய தண்டவாளம் வெயிலில் நீளத்தான் முயற்சி செய்யும். ஆனால், கிளிப்புகள் அதை ஸ்லீப்பரோடு அழுத்திப் பிடிக்கின்றன. ஸ்லீப்பரை ஜல்லி பிடித்துக்கொள்கிறது. நீள முடியாமல், அந்த விசையை இரும்பு தனக்குள்ளேயே அடக்கிக்கொள்கிறது. இப்போது சொல்லுங்கள், ஓரத்து ஜல்லியை வாரிக்கொண்டு போனால் என்ன ஆகும்? சித்திரை வெயிலில் ஒருநாள் தண்டவாளம் அந்தப் பக்கமாக நெளியும். அந்த நேரம் பார்த்து ரயில் வந்தால்?

வராமல் பார்த்துக்கொள்ளத்தான் கீமேன் என்று ஒருவர் இருக்கிறார். தோளில் சுத்தியலும் பையில் ஸ்பானரும் கையில் சிவப்புக் கொடியுமாகத் தினமும் தன் எல்லைக்குள் பாதை நெடுகிலும் நடந்தே போவார். கழன்ற கிளிப்பைத் தட்டி மாட்டுவார். தளர்ந்த போல்ட்டை முறுக்குவார். விரிசல் கண்ணில் பட்டால் ரயிலையே நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு. ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது, பாதையிலிருந்து ஒதுங்கி நின்று ரயிலையே உற்றுப் பார்க்கும் ஒருவரைக் கண்டால் அவராக இருக்கலாம். கையசைத்துவிட்டுப் போங்கள்.

சாக்பீஸ், ஸ்கேல், துடைப்பக்குச்சி

பாலம் பற்றித் தெரிந்துகொள்ள வீட்டில் இருக்கும் மூன்று பொருட்கள் போதும்.

முதலில் ஒரு சாக்பீஸ். இரண்டு முனைகளையும் பிடித்து லேசாக வளையுங்கள், 'டக்' என்று உடைந்துவிடும். அதே சாக்பீஸை நிற்க வைத்து, மேலிருந்து அழுத்துங்கள். எளிதில் உடையாது. வளைக்கும்போது ஒரு பக்கம் நசுங்குகிறது, எதிர்ப்பக்கம் இழுபடுகிறது. சாக்பீஸ் நசுக்குவதைத் தாங்கும், இழுப்பதைத் தாங்காது. கான்கிரீட்டும் அப்படியே. இழுப்பைத் தாங்குவதற்காகத்தான் அதற்குள் கம்பி வைக்கிறார்கள். இரும்போ இரண்டையும் தாங்கும்.

அடுத்து பிளாஸ்டிக் ஸ்கேல். இரண்டு புத்தகங்களின் மேல் படுக்க வைத்து, நடுவில் விரலால் அழுத்துங்கள். தொய்ந்துவிடும். இப்போது அதையே குத்தாக, விளிம்பு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு அழுத்துங்கள். அசையாது! அதே பிளாஸ்டிக்தான், அதே எடைதான். உயரம் கூடினால் பலம் கூடுகிறது. ஆனால், குத்தாக நிற்கும் ஸ்கேல் பக்கவாட்டில் சாய்ந்துவிடப் பார்க்கும். அதற்கு மேலேயும் கீழேயும் ஒவ்வொரு பட்டை வைத்துவிட்டால்? ஆங்கில 'ஐ' எழுத்தின் வடிவம் வந்துவிடும். கட்டடங்களிலும் பாலங்களிலும் நீங்கள் பார்க்கும் இரும்பு உத்தரத்தின் வடிவம் அதுதான். தண்டவாளத்தை வெட்டிப் பார்த்தாலும் ஏறக்குறைய அதே வடிவம். பாலத்தில் வரும் பெரிய உத்தரத்துக்கு 'கர்டர்' என்று பெயர்.

மூன்றாவது துடைப்பக்குச்சி. நான்கு குச்சிகளைச் சதுரமாக வைத்து, மூலைகளை நூலால் கட்டி, ஒரு பக்கம் தள்ளுங்கள். சதுரம் சாய்ந்து வேறு வடிவமாகிவிடும். மூன்று குச்சிகளை முக்கோணமாகக் கட்டித் தள்ளிப் பாருங்கள். குச்சி உடைந்தால்தான் உண்டு, வடிவம் மாறாது. ரயில்வே பாலங்களில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புச் சட்டங்கள் போகின்றனவே, எல்லாம் முக்கோணங்கள். அந்த அமைப்பின் பெயர் 'ட்ரஸ்'. பழைய பாலங்களில் சட்டங்கள் சேரும் இடத்தில் வரிசையாக உருண்டைக் குமிழ்கள் தெரியும். அவை ரிவெட் ஆணிகள். பழுக்கக் காய்ச்சி, துளையில் நுழைத்து, சூடாக இருக்கும்போதே மறுமுனையையும் தட்டி மொட்டாக்கிவிடுவார்கள். ஆறும்போது ஆணி சுருங்கி, தகடுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சூட்டில் நீளும் அதே இரும்புக் குணத்தை இங்கே நமக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள், பார்த்தீர்களா?

ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடைப்பட்ட பகுதிக்கு நம் ஊரில் அழகான பெயர் இருக்கிறது: கண். 'பத்துக் கண் பாலம்', 'பதின்மூன்று கண் பாலம்' என்றெல்லாம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இன்ஜினியர்கள் இதை 'ஸ்பேன்' என்பார்கள். எனக்குக் 'கண்' தான் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு கண்ணிலும் கர்டரின் ஒரு முனையை அசையாமல் வைத்து, மறுமுனை சற்று நகர வழிவிட்டு, அடியில் 'பேரிங்' வைப்பார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும், வெயில்!

கடலுக்கடியில் கிடந்த கர்டர்கள்

பாம்பனின் பழைய ரயில் பாலத்தின் வேலை 1911-ல் தொடங்கியது. 1914 பிப்ரவரி 24 அன்று திறந்தார்கள். 145 சிறிய கண்கள். நடுவில் கப்பலுக்கு வழிவிட ஒரு பெரிய கண். அதை வடிவமைத்தது அமெரிக்காவின் ஷெர்சர் நிறுவனம். அதனால், 'ஷெர்சர் கண்' என்றே அதற்குப் பெயர். இரட்டைக் கதவு போல நடுவில் பிரிந்து, இரண்டு பாதிகளும் வானத்தைப் பார்த்து எழும். மோட்டார் கிடையாது. ஆட்கள் கையால் சுற்றித்தான் திறப்பார்கள். பல நூறு டன் இரும்பை மனிதர்கள் எப்படித் தூக்க முடியும் என்றால், மறுபக்கம் அதற்குச் சமமான எடை வைத்திருந்தார்கள். கிணற்றில் ஏற்றம் இறைக்கும்போது பின்னால் கல் கட்டியிருப்பார்களே, அதே யோசனை.

1964 டிசம்பர் 22 இரவு பெரும் புயல் வந்தது. கடல் பொங்கி, தனுஷ்கோடி என்ற ஊரையே அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயில், ஊரை நெருங்கும் நேரத்தில் பயணிகளோடு அலைக்கு இரையானது. பாம்பன் பாலத்தில் 126 கர்டர்கள் கடலுக்குள் போய்விட்டன. ஷெர்சர் கண் மட்டும் தப்பி நின்றது. ராமேஸ்வரம் தீவுக்கு அப்போது சாலைப் பாலம் கிடையாது. ரயில் பாலம் போனால் தரையோடு இருந்த ஒரே தொடர்பும் போயிற்று.

பாலத்தைச் சரிசெய்ய ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பு 32 வயது இன்ஜினியர் ஒருவரிடம் வந்தது. அவர் பெயர் ஸ்ரீதரன். பிற்காலத்தில் கொங்கண் ரயில் பாதையையும் டெல்லி மெட்ரோவையும் அமைத்தாரே, அவரேதான். புதிதாக அத்தனை கர்டர்களையும் செய்துகொண்டு வர நாள் போதாது. கடலில் மூழ்கிய பழைய கர்டர்கள் எங்கே கிடக்கின்றன என்பது மீனவர்களால் தெரியவந்தது. அவற்றைக் கடலின் அடியிலிருந்து தூக்கினார்கள். நன்றாக இருந்தவற்றை மறுபடியும் தூண்களின்மேல் ஏற்றினார்கள். முதல் கர்டரை ஏற்றத்தான் நேரம் பிடித்தது. அதன்பிறகு கை பழகிவிட்டது. மூன்று மாதம் என்ற வேலை 46 நாட்களில் முடிந்து, ரயில் ஓடியது!

கர்டர்கள் ஒவ்வொன்றும் தனித்தனித் துண்டுகளாகத் தூண்மேல் உட்கார்ந்திருந்ததால்தான் இது முடிந்தது. பாலம் முழுவதும் ஒரே துண்டாக இருந்திருந்தால், மீட்டு எடுத்து மறுபடி வைப்பது நடக்கிற காரியமா?

இந்தப் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோ மீட்டருக்கு மேல் வீசினால் சிக்னல் சிவப்பாகிவிடும். ரயில் கரையிலேயே காத்திருக்கும். புயலைத் தாங்கிய பாலத்துக்குக் கடைசியில் வயதும் துருவும்தான் பகையாயின. இரும்பும் தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் துரு வரும். உப்பு சேர்ந்தால் அது வேகமாக வரும். மூன்று டம்ளர்களில் ஒவ்வொரு ஆணியாகப் போட்டு, ஒன்றில் எதுவும் ஊற்றாமல், ஒன்றில் பாதி ஆணி நனையும்படி நல்ல தண்ணீர், ஒன்றில் அதேபோல உப்புத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். ஒரு வாரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் இன்னும் ஆபத்து. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். உள்ளேயிருந்து உப்பி, கான்கிரீட்டைப் பிளந்துவிடும்.

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இதில் 18.3 மீட்டர் நீளத்தில் 99 கண்கள். நடுவில் 72.5 மீட்டரில் ஒரு கண். இது கதவு போலப் பிரிவதில்லை. இரண்டு பக்கமும் கோபுரம் நிற்க, நடுக்கண் முழுவதும் லிப்ட் போல அப்படியே 17 மீட்டர் மேலே போகிறது. இங்கும் எடைக்கு எடை வைத்துத்தான் தூக்குகிறார்கள். சுற்றுவது மட்டும் கை இல்லை, மோட்டார். கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. இரும்பின்மேல் உப்புக்காற்றைத் தாங்கும் தனிப் பூச்சு. தூண்களையும் அஸ்திவாரத்தையும் இரட்டைப் பாதை தாங்கும் அளவுக்குக் கட்டிவிட்டு, இப்போதைக்கு ஒற்றைப் பாதை மட்டும் போட்டிருக்கிறார்கள்.

இது பழைய பாலத்தைவிட 3 மீட்டர் உயரம். அப்படியும் கப்பலுக்கு அந்த உயரம் போதாது, நடுக்கண்ணைத் தூக்கத்தான் வேண்டியிருக்கிறது. துடைப்பக்குச்சிச் சதுரத்தை இன்னும் அவிழ்க்கவில்லை என்றால், ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே ஐந்தாவது குச்சியைக் கட்டித் தள்ளிப் பாருங்கள். என்ன ஆகிறது, ஏன் ஆகிறது என்று அப்பா அம்மாவுக்கு விளக்கிச் சொல்லுங்கள், பார்க்கலாம்!